நீ அனுப்பிய பச்சைப் பொத்தான்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உடம்போடு மனதும் நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு நான் சொல்வதற்கெல்லாம் திருத்தம் போடுவார், இதை யாரும் திருத்தாமல் உன்னிடம் சொல்ல வேண்டும். அவருக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாத்திரையை மட்டும் சண்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அக்கா வீட்டில் எல்லோரும் சௌக்கியம்.

எதிர்வீட்டுக் கணக்கு டீச்சரை வெள்ளை வேன் ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போனதைச் சொல்லியிருக்கிறேன் அல்லவா. சத்தம் கேட்டு நான் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கியபோது வேன் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது, ஓட்டியவரை ஒரு கணம்தான் பார்த்தேன். டீச்சர் இடுப்பெலும்பு முறிந்து இன்னும் படுத்த படுக்கையாகத்தான் கிடக்கிறார். ஒரு மாதம் கழித்து போலீஸ்காரர் வந்து துணி வெட்டுகிற மேஜைமேல் நாலைந்து போட்டோக்களைப் பரப்பினார், நான் யோசிக்கக்கூட இல்லை, இவர்தான் என்று ஒன்றின்மேல் விரலை வைத்தேன். பேக்கரிக்கு வேன் ஓட்டுகிறவராம், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதாம். அன்றைக்கே பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். வரும் வியாழக்கிழமை நான் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும், என்னை விட்டால் வேறு சாட்சி கிடையாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், அதனால் என்ன செய்யலாம் என்று உன்னைக் கேட்கவில்லை, சொல்லிவைக்கிறேன்.

போன வாரம் அரசு வக்கீல் கூப்பிட்டு அன்று பார்த்ததை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். என்ன சட்டை என்று கேட்டார். சாம்பல் நிறக் கட்டம் போட்ட சட்டை, மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் பச்சை, ஓரத்தில் வெள்ளைக் கோடு என்றேன். வக்கீலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த ஆள் வீட்டில் போலீஸ் எடுத்த சட்டையில் அதே பொத்தான் இருக்குதும்மா, இனிமே யாரும் அசைக்க முடியாது என்றார். நானும் பெருமையோடுதான் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் ஒரு ரவிக்கைக்குப் பொத்தான் தேடி, உன் கம்பெனியில் மிஞ்சியது என்று நீ அனுப்பிய பொத்தான் டப்பாவைத் திறந்தேன். மேலாகவே கிடந்தது அதன் ஜோடி. பச்சை, ஓரத்தில் வெள்ளைக் கோடு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போலீஸ்காரர் போட்டோவோடு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒருவர் அந்தச் சட்டையை என் தையல் கடைக்குக் கொண்டுவந்து, எந்தப் பொத்தானா இருந்தாலும் பரவால்ல என்று அவசரப்படுத்தினார். உன் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துத் தைத்துக் கொடுத்தேன். நான் ஆளின் முகத்தை எங்கே பார்க்கிறேன், சட்டையைத்தானே பார்ப்பேன். அந்த டப்பாவோடு உன் பார்சல் வந்தபோது டீச்சர் ஆஸ்பத்திரியில் இருந்தார், அதிலிருந்த பிஸ்கட்டைத்தான் அவரைப் பார்க்கப் போனபோது எடுத்துப் போனேன். அப்படியென்றால் வேன் இடித்த அன்று அந்தச் சட்டையில் அந்தப் பொத்தான் இருந்திருக்க வழியே இல்லை. ஆனால் கண்ணை மூடினால் வேன் திரும்புகிறது, அந்த முகம் தெரிகிறது, பொத்தானும் தெரிகிறது. பொய் என்று தெரிந்த பிறகும் அழிய மாட்டேன் என்கிறது. எங்கள் கல்யாணத்தில் மழை பெய்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சின்ன வயதில் சத்தியம் செய்வாயே, உன்னை எத்தனை கேலி செய்திருப்போம். இப்போது என்னை யார் கேலி செய்வது?

பொத்தான் தப்புன்னா முகமும் தப்பாயிடுமா, சொன்னதைச் சொல்லிட்டு வா என்கிறார் அப்பா. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் போட்டோவில் அந்த முகம் பழகியதாகத் தெரிந்தது வேனில் பார்த்ததாலா, கடை வாசலில் பார்த்ததாலா? எத்தனை யோசித்தாலும் பிரித்தெடுக்க முடியவில்லை. யோசிக்கிறதும் இதே மண்டைதானே.

மனசு கேட்காமல் டீச்சரிடமே போய்ச் சொன்னேன். வழி தப்பா இருந்தாலும் விடை சரியா இருக்கலாம் இல்லையா என்றார். விடை சரியாக வந்தும் வழி தப்பென்று உனக்கு முட்டை போட்டு, நீ அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாயே, அதே டீச்சர். அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வியாழக்கிழமை அந்த ஜோடிப் பொத்தானைப் பர்ஸில் போட்டு எடுத்துப் போகிறேன். இருப்பதை இருக்கிறபடி சொல்லப் போகிறேன். இடித்தவர் அவரேதான் என்றால் என்னால் தப்பித்துப் போவார், டீச்சர் என்னை மன்னிக்க மாட்டார். பயமாகத்தான் இருக்கிறது குட்டி. டீச்சர் ஜன்னல் என் மெஷினுக்கு நேர் எதிரே இருக்கிறது, மெஷினைத் திருப்பிப் போட்டுக்கோ என்கிறார் அப்பா. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. வெளியே கிளம்பிய பிறகு கேஸை அணைத்தோமா என்று சந்தேகம் வந்தால் அணைத்த மாதிரி ஞாபகம் இருக்கிறதே என்று நடையைக் கட்டாதே, திரும்பிப் போய்ப் பார். படியிறங்கிப் படியேறுகிறாய் என்று உன்னை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். உனக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க ஒரு வீடாவது இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா