கார்த்தியின் ப்ராசஸரில் காய்ந்த பேஸ்ட்

அக்டோபர் 5, ஞாயிறு

மழை ஓய்ந்து வெயில் ஏறிவிட்டது. தசராவுக்காக, கீழே நிற்கும் பைக்குகளில் மாட்டிய சாமந்தி மாலைகள் இன்னும் கருகித் தொங்குகின்றன. எங்கள் வீட்டில் இந்த வருடம் எந்தப் பண்டிகையும் இல்லை.

தம்பி கார்த்தியின் கம்ப்யூட்டர் இன்றும் தானாக அணைந்தது. முதலில் விசிறி இரைந்தது, பிறகு ஒரு ‘டக்’. அம்மா அப்படியே கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, இப்பவும் அணைஞ்சிட்டு. நான் ஒண்ணும் தொடலையே. அவனுக்கு எம்மேல என்ன கோவமோ."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்: "அது மெஷின். சூடாவுது, அணையுது. கோவம் எங்க இருந்து வந்துச்சு?"

ஜூனில் சாகண் ரோட்டில் பைக் வழுக்கி அவன் போனதிலிருந்து அம்மாவின் பொழுது இதுதான். காலையில் விளக்கேற்றி முடித்ததும் அவன் அறைக்குப் போய் சுவிட்சைப் போடுவாள். திரையில் அவன் பெயர் வரும், வட்டத்துக்குள் சிங்ககட் கோட்டை மழையில் நனைந்த முகம். பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு அதற்கு மேல் உள்ளே போக வேண்டியதும் இல்லை. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவள், அந்த ஆறு எழுத்தை மட்டும் கோலம் போல ஞாபகம் வைத்திருக்கிறாள். திரை இருண்டால் மவுஸை மெல்ல அசைப்பாள்.

கடையில் கொடுக்கலாம் என்றேன்.

"வெளிய கொண்டுபோகக் கூடாது. சொல்லிட்டேன். வெளிய போனது திரும்பி வராது."

வீட்டில் வைத்தே சரி பண்ண முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 6, திங்கள்

ஹிஞ்சேவாடி ட்ராஃபிக். ஆபீஸ் கேபில் கூட வரும் நிகிலிடம் கேட்டேன். ஆபீஸில் எல்லோருடைய கம்ப்யூட்டரையும் பிரிப்பவன். அணைகிற விதத்தைச் சொன்னதும், "பேஸ்ட் சூக் கயா ஹோகா," என்றான். ப்ராசஸருக்கும் அதன் மேல் உட்காரும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்த ஒரு பசை உண்டு. அது காய்ந்துபோயிருக்கும். பழையதைத் துடைத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும்.

அவன் சொன்னவை, மறக்காமல் இருக்க:
முதலில் கொஞ்ச நேரம் ஓடவிடு, சூட்டில் பசை இளகும். பிறகு அணைத்து, வயரைப் பிடுங்கு.
உள்ளே கை வைக்குமுன் கேபினெட்டின் இரும்பைத் தொடு, உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக் இறங்கும்.
கூலரை நேராக இழுக்கவே கூடாது. இடமும் வலமும் மெல்லத் திருப்பு. இழுத்தால் ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு வரும், ஊசிக் கால்கள் வளையும்.
பஞ்சு வேண்டாம், நார் விடும்.

"வளைந்தால்?"

"தோ கயா." போச்சு என்று கையை விரித்துக் காட்டினான். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அரே, நஹி ஜாயேகா, ஒன்றும் ஆகாது. நான் வேண்டுமானால் வரட்டுமா?"

வேண்டாம் என்றேன். அந்த அறையில் வெளியாள் உட்காருவதை அம்மா தாங்கமாட்டாள். நானும்தான்.

ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பேஸ்ட் ஒரு ட்யூப், காபி ஃபில்டர் தாள். ஆர்டர் போட்டாயிற்று. 

அக்டோபர் 7, செவ்வாய்

வீட்டிலிருந்தே வேலை. சாமான் மதியம் வந்தது. அம்மா சாப்பிட்டுப் படுத்ததும் ஆரம்பித்தேன்.

இன்றும் அது தானாக அணைந்திருந்தது; சூடு ஆறுமுன் வயரைப் பிடுங்கிப் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே சாம்பல்.

தூசி என்றுதான் நினைத்தேன். கூலரின் தகடுகளுக்கு நடுவே வெள்ளையாக, மாவு போல அடைந்திருந்தது. விரலில் எடுத்து முகர்ந்தேன். திருநீறு. எங்கள் பூஜை அலமாரியின் வாசனை.

அம்மா தினமும் சுவிட்சைப் போட்டதும் கேபினெட்டின் முன்பக்க வலையில் மூன்று விரலால் பூசுகிறாள். அப்போது உள்ளே விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். நாலு மாதமாகப் பூசியதையெல்லாம் அது இழுத்து விழுங்கியிருக்கிறது. அவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று பூசியது.



பெயிண்ட் பிரஷால் தட்டி எடுத்து ஒரு தாளில் சேர்த்தேன். குப்பையில் போடக் கை வரவில்லை. துளசித் தொட்டியில் போட்டேன்.

பிறகு கூலர். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகத் தளர்த்தி, இடம், வலம், இடம். மூச்சு விடாமல். ‘சளக்’கென்று பிரிந்தது. ப்ராசஸர் தன் இடத்திலேயே இருந்தது.

சாம்பல் நிறப் பசை, காய்ந்து வெடித்து. வேண்டியதைப் போல மூன்று மடங்கு. இந்தக் கம்ப்யூட்டரை அவன் ஹாலில் சம்மணமிட்டு உட்கார்ந்து பூட்டிய நாள் நினைவு வந்தது. "சட்னியாடா வைக்கிற?" என்றேன். "நீ வாசிக்கிற புக்குல இதெல்லாம் இருக்காதுக்கா, சும்மா இரு." ஓரத்தில் பிதுங்கியதை விரலால் வழித்திருக்கிறான். அந்தத் தடம் அப்படியே இருந்தது. மெல்லிய ரேகைகளோடு.

போட்டோ எடுத்தேன். மங்கலாக வந்தது.

தாளை ஆல்கஹாலில் லேசாக நனைத்து, விளிம்பிலிருந்து நடுவுக்கு. சொட்டக் கூடாது, கீழே இறங்கக் கூடாது. தாளுக்கு மேல் தாள். உலோகம் பளிச்சென்று வரத் தொடங்கியது. அந்த ஓரத்தை மட்டும் கடைசி வரை விட்டுவைத்தேன். விட்டுவிட்டால்தான் என்ன என்றுகூட யோசித்தேன். ஆனால் உதிர்ந்தால் உள்ளே விழும்.

துடைத்துவிட்டேன்.

ஈரம் உலரும்வரை காத்திருந்து, நடுவில் பட்டாணி அளவு புதிய பசை. கூலரைப் பொருத்தி மூடினேன். போட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அம்மாவே போடட்டும்.

அக்டோபர் 8, புதன்

லீவு சொல்லிவிட்டேன்.

அம்மா திருநீற்றுக் கிண்ணத்தோடு வந்தாள். சுவிட்சைப் போட்டாள். பெயர் வந்தது. கை முன்பக்க வலைக்குப் போனது.

"அதுல வேண்டாம்மா. காத்து உள்ள இழுத்துக்கும்."

கை அந்தரத்தில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். 

"அப்பம் நாந்தானா? நான் பூசிப் பூசித்தானா அணைஞ்சுது?"

"இல்லம்மா. பேஸ்ட் காஞ்சிட்டு. அவன் போட்டது, பழசு." பாதிதான் பொய்.

நம்பவில்லை. விரலில் எடுத்ததை என் நெற்றியில் அழுத்திப் பூசினாள். கண்ணில் விழாமல் ஊதினாள்.

கம்ப்யூட்டர் ஓடியது. விசிறிச் சத்தமே இல்லை. அம்மா இரண்டு முறை கையை வைத்துப் பார்த்தாள். மதியம் ஆயிற்று, அணையவில்லை. தட்டை அங்கேயே கொண்டுவந்து சாப்பிட்டாள். சாயங்காலம் அப்பா காய்கறிப் பையோடு வந்து எட்டிப் பார்த்தார். இன்னும் அவன் பெயர் திரையில்.

நான் யோசிக்காத ஒன்று. இத்தனை நாளும் அது தானாக அணைந்துகொண்டிருந்தது. இனி யாராவது அணைக்க வேண்டும்.

"நீ அமத்துட்டி," என்றாள் அம்மா.

என்னால் முடியவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவிட்சு வரை போனார், அதைத் தொடாமல் சுவரில் கை வைத்து நின்றார். பிறகு எங்களைப் பார்க்காமலே சொன்னார்:

"நாளைக்கு வியாழக்கெழமைல்லா. லைன் வேலைன்னு எப்படியும் கரண்ட்டை எடுப்பான். அதுவரைக்கும் கெடக்கட்டும்."

"எத்தனை மணிக்கு எடுப்பான்?"

"பத்துக்கு மேலதான்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பம் அதுக்குள்ள குளிச்சிட்டு வந்து உக்காந்திருதேன்."