பூட்டிய பெட்டிக்கு நன்றி

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "அரசாங்க இன்டர்நெட் பொட்டி பஞ்சாயத்து ஆபீசுல பூட்டியே கெடக்கு. எம்மக பரீட்சைக்கு அப்ளை பண்ண கம்பம் டவுனுக்குல்ல பஸ் ஏறுறா. எப்பத்தான் லைன் குடுப்பீக?"

கிளார்க் சிரித்துக்கொண்டே போன கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தைக் காட்டினார். 'ஊரில் இணையம் சிறப்பாக இயங்குகிறது. மக்கள் நன்றி தெரிவித்தனர்.' அடியில் என் கையெழுத்து.

"நீங்கதான போட்டிருக்கீக?"

நுழையும்போதே வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, பிறகு அவர்களாக எழுதிக்கொள்ளும் புத்தகம் அது. பூட்டிக் கிடக்கும் பெட்டிக்கு நான் நன்றி சொன்னேனாம்!

பக்கத்தில் இருந்த மரியம்மா, "விடு ஆத்தா, தனியார் லைன் வாங்கிக்கிருவோம்" என்றாள். ஏன் வாங்க வேண்டும்? அந்தப் பெட்டி நம் வரிப்பணமில்லையா?

கத்திவிட்டு வந்தேன். இப்போதுதான் உறைக்கிறது. இன்றைக்கும் வாசலில் அந்தப் புத்தகத்தை நீட்டினார்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன்.