முப்பத்தொன்றாவது ஃபிரேம்

1998, ஜூலை 7, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பீன்யா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டை நனைந்தது. ஃபேக்டரியில் ஒரு தட்டு முழுக்க ரிஜெக்ட். கழித்த பீஸுக்கெல்லாம் சிவப்புப் பெயிண்ட் வைத்தே கை வலி.

மாலை லேபில் ஸ்லைடு வாங்கினேன். பந்திப்பூர் காட்டு ரோல். 24-வது ஃபிரேம் வரை மான், மயில், மறுபடி மான். மிச்சத்தைப் போன சனிக்கிழமை பன்னேர்கட்டா மிருகக்காட்சி சாலையில் முடித்தது. பாதி ரோலைக் கழுவக் கொடுக்க எனக்கு மனம் வராது.

31: சிறுத்தை. கம்பி வலையோடு லென்ஸை ஒட்டி வைத்து எடுத்ததில் வலை கரைந்தே போயிருக்கிறது. பின்னால் மூங்கில். இடது காது நுனி கிழிந்த பெண். நேராக என்னைப் பார்க்கிறாள். காட்டில் எட்டு வருடம் சுற்றி வால்கூடக் கிடைத்ததில்லை.

8, புதன்

கண்ணாடிக் கடையைச் சாத்திவிட்டு நண்பன் சலீம் ஃபிரேசர் டவுனிலிருந்து நேரே வந்தான். எட்டு வருடத்தில் அவன் இல்லாமல் நான் பந்திப்பூர் போனது போன மாதக் கடைசி ஞாயிறு ஒன்றுதான். மகள் நஸ்ரினுக்கு ஜுரம் என்று வீட்டில் இருந்துவிட்டான்.

பெட்டியைத் திறந்து டியூப்லைட்டுக்கு நேரே ஒவ்வொன்றாகப் பிடித்தான். 31 வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"டேய் ஆரோக்கியம், சொல்லவே இல்ல?"

"என்னத்த?"

"நான் வராத ஒரே நாளு. அன்னைக்குப் பாத்து வந்திருக்கா பாரு மகராசி."

பெட்டி மேல் என் கையெழுத்தில் 'பந்திப்பூர்'. அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. இல்லை, இதுவும் பொய். அப்படியே நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஆசை. டீயைக் குடித்தேன்.

மிச்ச ஃபிரேமை பன்னேர்கட்டாவில் முடிப்பது அவனுக்கும் பழக்கம்தான். இருந்தும் என்னைச் சந்தேகப்படவில்லை.

போட்டோ கிளப் போட்டிக்கான ஃபாரத்தை அவனே நிரப்பினான். காட்டு விலங்குப் பிரிவு. கூண்டு மிருகம் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. புரொஜெக்டரில் நேராக வைப்பதற்கான சிவப்புப் பொட்டையும் ஸ்லைடு மூலையில் அவனே வைத்தான். ஃபேக்டரியில் சிவப்பு என்றால் வேறு அர்த்தம்.

12, ஞாயிறு

விவேக் நகர் சர்ச்சில் நல்ல கூட்டம். மனைவி லில்லி மெழுகுவத்தி ஏற்றினாள். நான் வெளியே செருப்புக்குக் காவல்.

மாலை கிளப். சுவர் அகலத்துக்குச் சிறுத்தையின் முகம். ஒருவர்கூட இருமவில்லை. முதல் பரிசு. காட்டில் எந்த ரோடு என்று கேட்டவர்களுக்கெல்லாம் சலீமே பதில். "மூங்கிலப் பாத்தா தெரியல சார்? ஓடைப் பக்கம்."

பெரிய திரையில்தான் பார்த்தேன். அவள் கண்ணுக்குள் சின்னச் சின்னக் கட்டங்கள். வலை. வேறு யாரும் கவனிக்கவில்லை.

வாங்க: லென்ஸ் பேப்பர், இருமல் மருந்து. கேஸ் புக் பண்ண.

15, புதன்

சலீம் வீட்டில் பிரியாணி, எனக்குப் பரிசு கிடைத்ததற்காக. ஸ்லைடை வாங்கிப் போய்ப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறான். நஸ்ரின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது. பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாக:

"அங்கிள், எனக்கு ஜுரம் வரலன்னா அத்தாவும் பாத்திருப்பாரு இல்ல?"

"யாரும்மா சொன்னது?"

"அத்தாதான், சிரிச்சிக்கிட்டே. அடுத்த வாட்டி ஜுரம் வந்தா நான் சொல்ல மாட்டேன்."

பாதித் தட்டோடு எழுந்துவிட்டேன். என் மேலேயே அருவருப்பு.

16, வியாழன்

லில்லியிடம் எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"கிளப்புக்கு ஒரு லெட்டர் போட்டா முடிஞ்சிது. அந்தப் பொண்ணுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

செயலாளருக்கு மூன்று வரி. பரிசு வேண்டாம், படம் கூண்டில் எடுத்தது. வேலைக்குப் போகிற வழியில் தபாலில் போட்டேன்.

19, ஞாயிறு

நல்ல வெயில். காரணம் சொல்லாமல் சலீமையும் நஸ்ரினையும் பன்னேர்கட்டாவுக்கு அழைத்துப் போனேன். கூண்டில் அந்தச் சிறுத்தை படுத்திருந்தாள்.

சலீம் மூங்கிலைப் பார்த்தான். காதைப் பார்த்தான். அப்புறம் என்னை.

"ரோல் முடிக்க வந்தியா?"

"ஆமா."

கிளப்புக்கு எழுதிவிட்டேன் என்றேன். அவன் காதில் வாங்கவில்லை.

நஸ்ரின் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். "நான் எடுத்தது இந்தச் சிறுத்தையத்தாம்மா. அன்னைக்குக் காட்டுல வெறும் மான்தான். அங்கிள் பொய் சொல்லிட்டேன்."

யோசித்தாள். "அப்ப அத்தா எதயும் மிஸ் பண்ணலையா?"

"ஒண்ணுமே மிஸ் பண்ணல."

"அப்ப ஜுரம் வந்தா சொல்லலாமா?"

சலீம் சட்டென்று அவளைத் தூக்கிக்கொண்டான். இப்படி ஒரு நினைப்பு அவளுக்குள் இருந்தது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். சிறுத்தை எழுந்து வலையோரம் வந்தது. கேமராவை அவன் எடுக்கவில்லை. நானும்.

அவர்கள் ஆட்டோவில் போனார்கள். நான் பஸ்ஸில்.

26, ஞாயிறு

மேகமூட்டம். மாதக் கடைசி ஞாயிறு, பந்திப்பூர் நாள். காலையில் பைக் சத்தம் கேட்டபோதெல்லாம் வாசலுக்குப் போனேன். பால்காரர். பக்கத்து வீட்டுக்காரர்.

பதினோரு மணிக்குச் சலீம் கடைப் பையன் ஒரு கவர் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே அந்தப் பிரிண்ட். அவன் ஹாலில் மாட்டியிருந்தது. பின்பக்கம் சலீம் கையெழுத்தில் ஒரே வரி: பன்னேர்கட்டா, கூண்டு.

வேறு எதுவும் எழுதவில்லை. எழுத்து தெரிகிற மாதிரி கவிழ்த்து மேஜைமேல் வைத்திருக்கிறேன்.