கொல்லையில் நிற்கும் வண்டி வீடு

கொடிக்கால்பாளையம்
12-8-97

அன்பு மகன் கலந்தருக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் நஜ்மாவும் உன் பிள்ளை ஷிஃபாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே உன் உடம்பும் மனசும் சுகப்பட ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. அங்கே கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா, போட்டால் மாடி எடுத்துவிடலாம், அடுத்த மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். உன் பெண்டாட்டி நஜ்மாவைக் கேட்டால் மாமி சொல்றதுதான் என்கிறாள். அத்தாவைக் கேட்டால் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார். அந்த வண்டியைப் பற்றிச் சொன்னால்தான் என் பதில் உனக்குப் புரியும்.

எண்ணெய் தோண்டுகிறோம் என்று நம் பக்கத்து வயல்களில் குழாய் இறக்கிப் பார்த்தார்களே, அவர்களுடைய இன்ஜினியர்கள் தங்குவதற்குச் சக்கரம் வைத்த ஒரு தகர வீடு இருந்தது. நீ பிறப்பதற்கு முந்தைய வருஷம் செய்தது என்று அதன் தகட்டில் போட்டிருக்கிறதாம். அவர்கள் விட்டுப்போய் வேலியோரம் துருப்பிடித்துக் கிடந்ததை உன் அத்தா கேட்டு வாங்கி, கண்ணுசாமியின் டிராக்டரில் கட்டி இழுத்து வந்து, வேலியைப் பிரித்துக் கொல்லையில் நிறுத்திவிட்டார். எதுக்குங்க இதுன்னு கேட்டேன். வேளாங்கண்ணி திருவிழாவில் கடை போட வாடகைக்கு விடலாம் என்றார். இருபத்தொரு வருஷம் சவூதியில் வெல்டிங் செய்த கை சும்மா இருக்காதென்று நானும் விட்டுவிட்டேன். நாலு மாதமாக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், இற்றுப்போன தரையைப் பெயர்த்துப் புதுப்பலகை அடிப்பதும்தான். என் கோழிகள் ஒன்பதும் முதல் நாளே அதன் அடியில் குடிபோய்விட்டன. காலையில் அடித்த பச்சை பெயிண்ட்டில் மத்தியானம் பார்த்தால் இறகு ஒட்டியிருக்கும், இதுகளை அறுத்துப் பிரியாணி போடுங்கடி என்று கத்துவார். அப்படிக் கத்துகிறவர், செவலைக்கோழி உள்ளே ஒரு மூலையில் பதினொரு முட்டையோடு அடை உட்கார்ந்ததும் வேலையையே நிறுத்திவிட்டார். தின்னர் வாடை அதுக்கு ஆகாது, குஞ்சு பொரிக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்றார். இருபத்தொரு நாள் வேலை இல்லை, ஆனால் ஆள் மட்டும் தினம் உள்ளே போய்விடுவார்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கோழிக்குக் குருணை வைக்கப் போனேன். கடை போடுவதற்கு என்று செய்த வண்டிக்குள் மேலும் கீழுமாக இரண்டடுக்குக் கட்டில். கீழ்க்கட்டிலில் உன் அத்தா குறட்டை விட்டுத் தூங்குகிறார். ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது, அந்த மனுஷர் வீட்டுக்குள் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை. புரண்டு புரண்டு படுப்பார், சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரித் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். தலைமாட்டில் பார்த்தால், உனக்கு ஏழு வயதில் ஸ்டூடியோவில் நீயும் நானும் எடுத்து அனுப்பிய படத்தைத் தகரத்தில் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார். அவர் எழுந்ததும், பத்தடி தூரத்துல அடுப்பங்கரையில நான் நிக்கிறேன், படம் எதுக்குங்க என்று கேட்டேன். படத்தின் ஓரத்தில் பிரிந்த டேப்பை அழுத்தி விட்டார். பிறகு, அங்க படத்துக்கிட்டதான் எல்லாம் சொல்லுவேன் சைத்தூன், நேர்ல உன்னைப் பார்த்தா என்ன பேசுறதுன்னு வரலை என்றார். அவர் சவூதியில் இருந்த அறையை அப்படியே இங்கே கட்டி வைத்திருக்கிறார். மேல்கட்டில் யாருக்கு என்றேன், மேல ஆள் இருக்குற மாதிரி இருந்தாத்தான் தூக்கம் வருது என்றார். டீயைக் கொண்டுபோய் அங்கேயே இருவரும் குடித்தோம். அன்றிலிருந்து மத்தியானச் சோறும் அங்கேதான். இப்போது ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறார். நேற்று நஜ்மாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், பொரித்த ஒன்பது குஞ்சையும் ஷிஃபாவுக்கு அத்தா எண்ணிக் காட்டினார்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். நீ கேட்டிருக்கிற இதே கேள்வியை உன் அத்தா எனக்கு ஐந்து தடவை எழுதியிருக்கிறார். வந்துரட்டுமா சைத்தூன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் கேட்டார். வீடு முடியட்டும், உன் படிப்பு முடியட்டும், இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டு வாங்க என்று ஐந்து தடவையும் பதில் எழுதியது நான்தான். அவர் ஒரு தடவைகூட மறுத்து எழுதவில்லை. நீயும் மறுக்க மாட்டாய், அவர் பிள்ளைதானே. அதனால் இந்தத் தடவை யோசித்து எழுதுகிறேன். கையெழுத்துப் போடாதே, வந்துவிடு. மாடி இல்லாமல் இருந்துகொள்ளலாம். ஷிஃபாவை நீ இன்னும் பார்க்கவே இல்லை. உன்னைப் பார்த்து முதலில் பயந்து அழுவாள், அந்த அழுகை இப்போதென்றால் இரண்டு நாளில் தீர்ந்துவிடும்.

வயிற்றைக் காயப்போடாதே, பல்வலியைத் தள்ளிப்போடாதே. வருகிற தேதியை முதலில் நஜ்மாவுக்கு எழுது, எனக்கு அப்புறம் தெரிந்தால் போதும். அல்லாஹ் உன்னை நல்லபடியாக வீடு சேர்ப்பானாக. இதையெல்லாம் அத்தாவுக்குப் படித்துக் காட்டினேன், ஒரு வார்த்தையையும் மாற்றச் சொல்லவில்லை. தபால் எடுப்பதற்குள் போட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்.

துஆவுடன்,
உன் அம்மா
சைத்தூன் பீவி