டெர்க் அசையாமல் நின்று ஜெயித்த பந்தயம்

டெவெண்டர்,
3 ஜூன் 1903

அன்பு மகள் கெசினாவுக்கு, உன் பெரியப்பா எழுதுவது. நான் அன்றைக்கே சொன்னேன், ஒன்று விடாமல் எல்லாம் அப்படியே நடந்துவிட்டது! இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் மட்டும் மழைக்கு முனகுகிறது, அங்கே சுரபாயாவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே? உன் தம்பி டெர்க் ஜெயித்துவிட்டான். உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படித்தால் மயக்கம் வரும்.

நீ கப்பல் ஏறிய பிறகு டெர்க் ஒரு பழைய சைக்கிள் வாங்கினான் அல்லவா, அதில் முதல் பந்தயத்தில் ஒரு பன்றித்தொடை பரிசு வாங்கினான், அடுத்ததில் சுவர்க்கடிகாரம், உட்ரெக்டில் மூன்று ஜெர்மன்காரர்களைத் தோற்கடித்தான், ஊரில் நான் ஒன்பது என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல். பெர்லினில் பந்தயத்திடல் வைத்திருக்கும் ஒருவர் கோடை முழுக்க இங்கே வந்து ஓட்டு என்று ஆளே அனுப்பிவிட்டார். உன் அப்பா ஒத்துக்கொண்டால்தானே! சரக்குப் படகில் இன்னொரு ஆள் இல்லாமல் அவனுக்கு இடுப்பு ஒடிகிறது, அதுவும் உண்மைதான். "வட்டமா சுத்திச் சுத்திப் புறப்பட்ட இடத்துக்கே வர்றதெல்லாம் ஒரு தொழிலாடா? பெந்தெகொஸ்தே திங்கள்கிழமை ஆர்ன்ஹெம்ல ஜெயிச்சா பெர்லினுக்குப் போ, தோத்தா அன்னிக்கே படகுல ஏறு" என்று சொல்லிவிட்டான். சொன்னதோடு விட்டானா, டெர்க்கின் படகு பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு திடலுக்கே வந்து எங்கள் பக்கத்தில் வேலியோரம் நின்றான்!

கூட்டம் நாற்பதாயிரம் இருக்கும். நம் ஊரிலேயே அவ்வளவு பேர் இல்லை என்கிறாள் உன் பெரியம்மா, அவளுக்கு என்ன தெரியும். கடைசி ஓட்டத்தில் இரண்டே பேர், டெர்க்கும் ஆண்ட்வெர்ப்காரன் தியோஃபிலும். அவன் தொடை ஒவ்வொன்றும் பீர் பீப்பாய். முன்னால் போகிறவன் காற்றை வெட்டி வெட்டிக் களைப்பான், பின்னால் ஒளிந்து வருகிறவன் கடைசியில் பாய்வான், அதனால் முன்னால் போக இரண்டு பேருக்கும் மனமில்லை. கடைசிச் சுற்றின் வளைவில் தியோஃபில் வேகத்தைக் குறைத்தான், டெர்க்கும் குறைத்தான், குறைத்துக் குறைத்து இரண்டு பேரும் நின்றேவிட்டார்கள்! கால் மிதியில்தான் இருக்கிறது, தரையில் படவில்லை, சைக்கிள் அப்படியே நிற்கிறது. "தம்பிகளா, நான் வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு வேக வச்சுட்டு வந்துடறேன், அதுக்குள்ள கிளம்பிடாதீங்க!" என்று ஒரு அம்மாள் கத்த, திடலே சிரித்தது. டெர்க் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தான், கிளம்பிவிடப் போகிறான் என்று எனக்கே தெரிந்தது. அப்போதுதான் கெசினா, நான் வேலிமேல் ஏறி, "அசையாதடா! மதகு திறக்கிற வரைக்கும் படகு நிக்கிற மாதிரி நில்லு, அவன் போகட்டும்!" என்று ஒரு கத்து கத்தினேன். பையன் ஆணி அடித்த மாதிரி நின்றான். அரை மணி நேரம்! கடிகாரம் நாலு நிமிஷம் என்று காட்டியதாம். கடைசியில் தியோஃபிலின் சக்கரம் ஆடியது, பொறுக்க முடியாமல் பாய்ந்தான், நம் பையன் அவன் முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போய், முடிவுக் கோட்டுக்கு இருபது அடி இருக்கும்போது வெளியே வந்து, அரைச் சக்கர வித்தியாசத்தில் ஜெயித்தான்! நான் தூக்கி எறிந்த தொப்பி இன்னும் கிடைக்கவில்லை. உன் அப்பா பூட்ஸைத் தானே சுமந்துகொண்டு ரயில் ஏறினான்.

டெர்க் வியாழக்கிழமை பெர்லின் போகிறான். ஆண்டவர் உங்கள் மூவரையும் நூறு வருஷம் காக்கட்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். உன் அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, மறக்காதே.

உன் பாசமுள்ள பெரியப்பா,
ஹார்மன்

பி.கு. உன் பெரியம்மா இதைப் படித்துவிட்டு, ஒன்றைத் திருத்தாமல் தபால்தலையைத் தர மாட்டேன் என்று கைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள். சரி, எழுதித் தொலைக்கிறேன். நான் கத்தியது "ஓடுடா, ஓடுடா" என்றுதான், அதை அவன் கேட்டிருந்தால் இன்றைக்குப் படகில் இருப்பான். அசையாதே என்று கத்தியது உன் அப்பா.