கயிற்றுக்கு உள்ளே விழுந்த பூசணிக்காய்

உத்திரமேரூர்,
ஆனி மாதம், 1979

அன்பு மகன் தாண்டவராயனுக்கு உன் நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் தங்கை அம்முலுவும் சௌக்கியம், பம்பாயில் நீயும் முதுகும் முட்டியும் முழுசாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை, மனசில்தான் வியாதி. சிரிக்காமல் படி. தை மாதம் மெட்ராஸ் குஸ்தி மேடையில் ராயபுரம் ஏசுதாஸ் விழுந்து கால் எலும்பு முறிந்ததே, அது உன் உதையால் இல்லையடா, மேடையில் கிடந்த பூசணிக்காயில் வழுக்கி விழுந்தார். அந்தப் பூசணிக்காயை எவனோ ரசிகன் வீசினான் என்று எழுதியிருந்தாய். அந்த ரசிகன் நான்தான்.

எல்லாம் உன் அம்மா ஆரம்பித்தது. அத்தனை ஜனம் பிள்ளையை உற்றுப் பார்க்கும், திருஷ்டி பொல்லாதது, பூசணிக்காய் சுற்றி உடைத்துவிடுவோம் என்றாள். நானும் பெருநகர் தோட்டத்தில் குழந்தை கனத்துக்கு ஒரு காய் பார்த்து வாங்கி, துளை போட்டு, குங்குமத்தையும் சுண்ணாம்பையும் உள்ளே கொட்டி, சாக்கில் கட்டிக்கொண்டு அவளோடு பஸ் ஏறினேன். இன்னா பெர்சு, குஸ்தி பாக்கப் போறியா, கொயம்பு வெக்கப் போறியா என்று கண்டக்டர் கேட்டதில் பஸ்ஸே சிரித்தது. மேடைக்குக் கீழே தரையில் உடைப்பதாகத்தான் உத்தேசம். ஏசுதாஸ் உன்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் போட்டாரே, அப்போது நான் பதறிப்போய்ச் சுற்றின சுற்றில் காய் கை நழுவி, கயிற்றைத் தாண்டி உள்ளே போய் விழுந்தது. அவர் உன்னை நோக்கி ஓடி வந்தார், காய்ச் சதையில் கால் வைத்தார், சறுக்கினார், அதற்குப் பிறகுதான் உன் கால் அவர் மேல் பட்டது. குங்குமத் தண்ணீரை ரத்தம் என்று நினைத்து ஜனம் அலறியதும், பேப்பர்காரன் போட்டோ பிடித்ததும், அந்தப் போட்டோவைப் பார்த்து பம்பாய்க்காரர் உன்னைக் கூப்பிட்டதும் உனக்குத் தெரியும்.

இப்போது நீ தூஃபான் தாண்டவ், தூஃபான் என்றால் புயலாமே. உன் அம்மா வாயில் அந்தப் பேர் நுழையவில்லை, தோப்பு தாண்டவன் என்கிறாள். சலூனில் உன் படம் மாட்டியிருக்கிறது. குஸ்தி முதலாளி டிக்கெட் பணத்தில் பாதியைத் தின்றுவிட்டு எங்களுக்கு வெறும் வாழைப்பழத்தைக் காட்டுகிறான் என்று அவர் எதிரிலேயே மைக்கில் சொன்னாயாமே, என் சைக்கிள் கடையில் அதைப் பேப்பரில் படித்துப் படித்து சந்தோஷப்பட்டார்கள். அந்த வாய் நம் வூட்டு வாய்தான், நானும் மீசையைத் தடவிக்கொண்டேன். மாகறலிலிருந்து அம்முலுவைப் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணை ஒரு கண்ணாலும் உன் படத்தை மறு கண்ணாலும் பார்த்தார்கள். மச்சான் கோவக்காரரா என்று மாப்பிள்ளைப் பையன் என் காதில் கேட்டான், பாவம், ஒல்லி உடம்பு.

ஆனால் ஊருக்கு ஊர் மைக்கைப் பிடித்து, மெட்ராஸில் ஒரு கிழட்டு யானையை நொண்டியாக்கினேன், போய்ப் பாருங்கள் என்கிறாயே, அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வாரம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ராயபுரம் போனேன். ஏசுதாஸ் ஸ்டூல் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். இனிமேல் மேடை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், வீட்டுக்காரம்மா இட்லி சுட்டு விற்கிறார். நான் உன் நைனா என்றதும் எழுந்திருக்கப் பார்த்தார் அந்த மனுஷன். உங்க புள்ள உதை இடி மாரி பெரியவரே, நல்லா வருவான், வாயக் கொஞ்சம் கொறச்சிக்கினா போதும் என்றார். என் மனசு நோகக்கூடாது என்று அப்படிச் சொல்கிறார் என எனக்குப் புரிந்தது. காய் போட்டது நான்தான் என்று சொல்லத்தான் போனேன். ஆனால் அந்த அம்மா கொடுத்த நாலு இட்லியையும் தின்றுவிட்டு, வெட்கங்கெட்டு இன்னும் கொஞ்சம் சட்னியும் கேட்டு வாங்கிக்கொண்டு, திரும்பி வந்துவிட்டேன்.

ஆடி கழிந்து மெட்ராஸில் மறுபடி மேடை ஏறப்போகிறாயாம். அவர் காலைப் பற்றி மைக்கில் ஒரு வார்த்தை பேசாதே கண்ணு. முதலில் ராயபுரம் போய் அவர் காலைத் தொட்டுக் கும்பிடு, எங்க நைனா செய்த வேலை என்று சொல்லிவிடு. அதனால் உன் பேர் கொஞ்சம் இறங்கினாலும் இறங்கட்டும், காலை முறித்தது நீ இல்லை என்றால் அந்தப் பாவம் உனக்கு எதற்கு, அது என்னோடு இருக்கட்டும். அவருக்கு அங்கேயே பையன்களைப் பழக்கும் வேலை ஏதாவது முதலாளியிடம் கேட்டு வாங்கிக் கொடு, உன் வாய் அதற்காவது உதவட்டும்.

குலதெய்வம் உன் கை கால்களைக் காப்பாற்றட்டும், நல்ல பேரோடு நீடூழி இரு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விட்டுவிடாதே. அம்முலு நிச்சயத்துக்கு வரும்போது அந்தப் புலித்தோல் ஜட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்காதே.

இப்படிக்கு
உன் நைனா
எல்லப்பன்

பி.கு.: எழுதியதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அன்றைக்குச் சண்டையைப் பார்க்கவில்லை, பயத்தில் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். யோவ், அவரு சறுக்கினத நீ எங்கய்யா பாத்த, காய வுட்ட வுடனே துண்டத் தலைல போட்டுக்கினு குந்திக்கினியே, ஜனம் கை தட்டி முடிஞ்சப்புறந்தானே கண்ணத் தொறந்த என்கிறாள். அது வாஸ்தவம்தான்.