பேர் வாங்கும் வழி

மயிலாப்பூர்,
12-2-1973

அன்புள்ள வடிவுக்கு,

நலம் என்று எழுதினால் பொய். உன் நலத்தையும், மச்சான் அய்யாதுரை வீட்டார் நலத்தையும் அறிய ஆவல்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 'மாதரசி' வார இதழின் பெண் எழுத்தாளர் போட்டியில் நம் தொடர்கதைக்குத்தான் முதல் பரிசு. ஆசிரியர் வேதாந்தம் சார் தியாகராய நகர் கடைக்கே டெலிபோன் பண்ணிவிட்டார். நான் அப்போது ஒரு கல்யாணக் கூட்டத்துக்குப் பட்டுப்புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "உங்க மிஸஸுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கோ" என்றார். விரித்த புடவையை மடிக்காமல் நின்றதற்கு முதலாளி வாய்க்கு வந்தபடி பேசினார். பேசட்டும்.

ஒன்பது வருஷம், வடிவு. என் பேரில் போன கதையெல்லாம் 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று திரும்பி வந்தன. நீதான் வாங்கி வைத்தாய். தபால்கார குலாம் முகம்மதுவுக்கே சங்கடமாகப் போய், "இன்னிக்கும் வந்துகீதும்மா" என்று தலையைக் குனிந்துகொண்டு கொடுப்பார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். உன் பேரைப் போட்டு அனுப்பினேன், பத்தே நாளில் அச்சில் வந்தது. பெண்டாட்டி பேரில் எழுதுகிற ஆண் நான் ஒருத்தன்தானா? ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை மாலை மயிலாப்பூர் சபா ஹாலில் விழா. எழுதியவர் மேடை ஏற வேண்டுமாம். நான் ஏற முடியாது, நீதான் ஏற வேண்டும். ஒரு மணி நேரக் காரியம். நீ போய் ஐம்பது நாளுக்கு மேலாகிறது. கோபம் போதும், வா.

அன்புடன்,
உன் அத்தான்

*

நங்கநல்லூர்,
16-2-1973

அன்புள்ள அத்தானுக்கு வடிவு எழுதிக்கொண்டது.

இங்கே அண்ணாச்சி, மதினி, பிள்ளைகள் எல்லாரும் சுகம். நீங்கள் ஓட்டலில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஊறுகாய் ஜாடியில் உப்பு நாரத்தங்காய் இருக்கிறது.

பரிசு கிடைத்தது சந்தோஷம். நான் வரவில்லை.

கோபம் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்குக் கோபம் என்று ஒரு வரி எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், ஆனாலும் நானே எழுதுகிறேன். பேரைக் கேட்டீர்கள். பேர்தானே, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கடுதாசியை நீங்கள் கேட்கவில்லை.

பிறந்த மூன்றாம் நாளே நம் பிள்ளை போனபிறகு அண்ணாச்சி வீட்டுக்கு வந்து கிடந்தேன் அல்லவா, அப்போது உங்களுக்கு ஒரு கடுதாசி எழுதினேன். பிள்ளை போயும் பால் நிற்காததை எழுதினேன். பால் வற்றுவதற்கென்று மயிலாப்பூரில் நம் அடுத்த வீட்டு ஆனி டீச்சர் லஸ் கடைத்தெருவில் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு இங்கேயே வந்து என் மாரில் வைத்துக் கட்டினதை எழுதினேன். தலையில் வைக்கிற பூவை இப்படி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேனே அத்தான் என்று எழுதினேன். அம்மாவிடம்கூட நான் சொல்லாதது அது. அதை அப்படியே எடுத்துப் பதினோராம் அத்தியாயமாகப் போட்டுவிட்டீர்கள். ஒரு எழுத்து மாற்றவில்லை.

மார்கழியில் அந்த இதழைக் கையில் வைத்துக்கொண்டு ஆனி டீச்சர்தான் வந்தார்கள். "இதைப் போய் ஊருக்கு எழுத உனக்கு எப்படி மனசு வந்துச்சு வடிவு?" என்று கேட்டார்கள். நான்தான் எழுதினேன் என்று நினைத்துவிட்டார்கள். இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கே பெட்டியைக் கட்டினேன்.

இப்படிக்கு,
வடிவு

*

மயிலாப்பூர்,
20-2-1973

அன்புள்ள வடிவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தது என் தப்பு. அழுகையை மறைக்க ஸ்டாக் ரூமுக்குள் போக வேண்டியதாயிற்று.

நான் செய்தது சரி என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்த நிலையில் செய்தேன் என்று கேள். பேர் வாங்க ஒரு மனிதன் என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் செய்து பார்த்தாகிவிட்டது. 'நெல்லை நல்லன்' என்று எழுதினேன், 'பொருநைச்செல்வன்' என்று எழுதினேன். மாம்பலத்து எண் ஜோசியர் சொன்னாரென்று ஒரு 'ல்' கூடப் போட்டு எழுதினேன். பத்திரிகை ஆபீஸ் வாசலில் நின்று உதவி ஆசிரியர்களுக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அடையாறில் ஒரு இலக்கியக் கூட்டம் விடாமல் போய் நாற்காலி எடுத்துப் போட்டிருக்கிறேன். நாற்காலி போடுகிற நல்லசிவம் என்றுதான் அங்கே என்னைத் தெரியும்.

தொடர் பத்து வாரம் ஓடியும் ஒரு கடிதம் வரவில்லை. நிறுத்திவிடலாமா என்று வேதாந்தம் சார் கேட்டார். அன்று வந்து உன் கடிதத்தை எடுத்தேன். அது என் பேருக்கு வந்த கடிதம், எனக்குச் சொந்தம் என்று மனசு நியாயம் சொல்லிற்று.

இத்துடன் வாசகர் கடிதங்களை ஒரு கட்டாக அனுப்பியிருக்கிறேன். பதினேழு அத்தியாயம் என் கையால் எழுதினேன், அதைப் பற்றி ஒரு மனுஷர் வாய் திறக்கவில்லை. எல்லாரும் பதினொன்றுக்குத்தான் உருகியிருக்கிறார்கள். பதில் நான் எழுதிவிடுகிறேன், நீ கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

இன்னொன்று, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மேடையில் உனக்குப் பொன்னாடைக்குப் பதில் மல்லிகைச் சரம் சூட்டுவதாக வேதாந்தம் சார் ஏற்பாடு செய்திருக்கிறார். அந்த அத்தியாயத்தின் நினைவாகவாம். அவர் பேரில் தப்பில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நிமிஷம் சூடிவிட்டுக் கழற்றிவிடலாம்.

உன்,
அத்தான்

*

நங்கநல்லூர்,
26-2-1973

அன்புள்ள அத்தானுக்கு,

பூ விஷயத்தை எழுத உங்களுக்குக் கூசியிருக்க வேண்டும். கூசத்தான் செய்தது என்று கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கூசியும் எழுதினீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

கட்டைப் பிரித்து எல்லாக் கடுதாசியையும் படித்தேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மதினி பயந்துபோய் விபூதி போட்டுவிட்டாள். இத்தனை பேருக்கு இப்படிப் போயிருக்கிறது, ஒருத்திக்கும் சொல்ல ஆளில்லை. ராயப்பேட்டையில் ஜமீலுன்னிசா என்று ஒரு அம்மாள், பக்கத்து வீட்டுப் பெண்ணை எழுதச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். "எனுக்கு மூணு போச்சி. மூணு தபாவும் பூ கட்டுனாங்க. அந்த வாசன வந்தா இப்பவும் மாரு கனக்குது. உங்களுக்கும் அப்டித்தானாம்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

இதற்கு நீங்கள் பதில் எழுதுவீர்கள், நான் கையெழுத்துப் போடுவேனா? அவளுக்கு நானே எழுதிவிட்டேன். எனக்கும் அப்படித்தான் என்று எழுதினேன். வேறு ஒன்றும் எழுதவில்லை.

ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கு என்னதான் வேண்டும்?

வடிவு

*

மயிலாப்பூர்,
3-3-1973

வடிவு,

நேற்று நங்கநல்லூருக்கே வந்தேன். மச்சான் வாசலிலேயே நின்றுகொண்டு, "அவ வந்தா வரட்டும், வராட்டா இருக்கட்டும், நீரு போயிட்டு வாரும்" என்று சொல்லிவிட்டார். பழவந்தாங்கல் ஸ்டேஷனில் நாலு ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ தண்ணீர் எடுக்க வெளியே வந்தாலும் அங்கிருந்து தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

என்ன வேண்டும் என்று கேட்டாய். என் பேர் வேண்டும். மயிலாப்பூரில் நாலு பேர் கூடின ஒரு ஹாலில், மைக்கில், 'இதை எழுதியவர் நல்லசிவம்' என்று யாராவது ஒரு தடவை சொல்லிக் கேட்க வேண்டும். சிரிக்காதே. நாற்பத்தொரு வயதாகிறது. பிள்ளையும் இல்லை. நாளைக்கு நான் செத்தால் புடவை மடித்தவன் போய்விட்டான் என்று கடையில் அரைநாள் லீவு விடுவார்கள்.

இந்தப் பரிசு மட்டும் கைக்கு வந்தால், அடுத்த தொடரை என் பேரில் கேட்க எனக்கு ஒரு வழி பிறக்கும். நீ வராவிட்டால் இந்த ஊரில் எந்தப் பத்திரிகை வாசலும் எனக்குத் திறக்காது. எழுதியது பெண்தானா என்று யாரோ மொட்டைக் கடுதாசி வேறு போட்டிருக்கிறானாம். வேதாந்தம் சார் கேட்கிற தோரணையே மாறிவிட்டது. பூ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அலர்ஜி என்று ஒரு பொய் சொன்னேன். உன் காலில் விழுகிறேன் என்று எழுதக்கூட எனக்குக் கை கூசவில்லை. வா, வடிவு.

நல்லசிவம்

*

நங்கநல்லூர்,
7-3-1973

அன்புள்ள அத்தானுக்கு,

வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி கொண்டுவந்து விடுவார்கள். நீங்கள் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். முன்வரிசைப் பக்கமாக உட்காருங்கள். அந்தக் கட்டம்போட்ட சட்டை வேண்டாம், வெள்ளைச் சட்டையைச் சலவைக்குப் போட்டு வாங்கி வையுங்கள்.

ஜமீலுன்னிசாவும் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாள்.

வடிவு

*

மயிலாப்பூர்,
29-3-1973

அன்புள்ள வடிவுக்கு,

இது மூன்றாவது கடிதம். முன்னே போட்ட இரண்டுக்கும் பதில் இல்லை.

நடந்ததை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பரிசை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவாய் என்றுதான் இருந்தேன். நீ மைக்கைப் பிடித்து, "இதை எழுதினது நான் இல்லை. எங்க வீட்டுக்காரர். அவங்க பேரு நல்லசிவம். அந்தா, மூணாவது வரிசையில இருக்காவ" என்றாயே, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கை தட்டுவார்கள் என்று நினைத்து நான் எழுந்து நின்றுவிட்டேன். கும்பிட்டும்விட்டேன். யாரும் தட்டவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண், "அப்போ பதினோராம் அத்தியாயம்?" என்று கேட்டாள். நீ பதில் சொல்லாமல் இறங்கிவிட்டாய். ஹால் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. கும்பிட்ட கையை எப்போது இறக்கினேன் என்று எனக்கே தெரியாது.

பரிசை ரத்து செய்துவிட்டார்கள். காரணத்தை என் பேரோடு 'மாதரசி'யில் அச்சடித்தும்விட்டார்கள். அதிலிருந்து தினம் கடிதம் வருகிறது, எல்லாம் என் பேருக்கே. குலாம் முகம்மது கட்டுக் கட்டாகக் கொடுத்துவிட்டு, "இன்னா சார், பெரிய ஆளாய்ட்டே" என்றார். பிரித்தால் எல்லாவற்றிலும் ஒரே கேள்வி. மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினீர்களா? கடைக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள் என் பேரைக் கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுகிறார்கள். நேற்று ஜமீலுன்னிசா வந்தாள். "நீங்கதானா நல்லசிவம்? மூஞ்சப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பேர் என்றால் இதுதான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. எழுதுவதையே விட்டுவிடுகிறேன். பேனாவைக் கையால் தொடமாட்டேன். அன்று நீ கீழே இறங்கி வந்ததும் பதற்றத்தில் நான் ஏதோ உளறினேன், அதை மனசில் வைத்துக்கொள்ளாதே. எனக்கு இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது. நீ வந்துவிடு. வருகிறேன் என்று ஒரு வரி எழுது, போதும்.

உன்,
அத்தான்

*

நங்கநல்லூர்,
5-4-1973

திரு. சு. நல்லசிவம் அவர்களுக்கு,

உங்கள் மூன்று கடுதாசியும் வந்தன. உங்களை அவமானப்படுத்த நான் மேடை ஏறவில்லை. நீங்கள் என்ன வேண்டும் என்று எழுதினீர்களோ, அதைத்தான் செய்தேன். பதினோராம் அத்தியாயத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன்.

கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருஷத்தில் நான் உங்கள் பேரை வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் அப்பா பேர் என்ன என்று நர்ஸ் கேட்டபோதுகூட ஆனி டீச்சரைத்தான் சொல்லச் சொன்னேன். அதை முந்நூறு பேருக்கு முன்னால் மைக்கில் சொல்ல நான் எத்தனை நாள் மனசைத் தேற்றிக்கொண்டேன் என்று உங்களுக்குத் தெரியாது. இவருக்கு இது கிடைத்துவிட்டால் மனசு அடங்கிவிடும், பழையபடி இருக்கலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு ராத்திரியே உங்களோடு மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்புவதாகத்தான் இருந்தேன். என் பெட்டி அண்ணாச்சி கையில் இருந்ததே, நீங்கள் பார்க்கவில்லையா?

நீங்கள் ஏதோ உளறியதாக எழுதியிருக்கிறீர்கள். என்ன சொன்னீர்கள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் படி இறங்கி வந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிஷியலைச் சொல்லாம விட்டுட்டியே வடிவு, எந்த நல்லசிவம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றீர்கள்.

இந்தக் கடுதாசிக்கு மேலே அத்தான் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. பேர்தான் வந்தது. இனிஷியலோடு எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சண்முகவடிவு